சீ.ஆர். கொப்பியே சிறந்த செயலி

போனில் பைதான் எழுத எந்தச் செயலி நல்லது? கொழும்பில் கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். ஐபேடுக்குப் பைத்தோனிஸ்டா என்பார் ஒருவர். விலை பத்து டொலர்தானாம். நம்முடைய காசில் மூவாயிரம் ரூபாய். 2024 மே தினத்தன்று கொட்டகலை மேடையில் 1700 ரூபாய் என்று முழங்கப்பட்டு, தோட்டக் கம்பனிகள் நீதிமன்றம் போய்வந்ததும் 1350 ஆகச் சுருங்கிய அந்த ஆண்டின் நாட்சம்பளத்தில், இரண்டு நாள் கொழுந்தெடுத்தாலும் அது கட்டியிருக்காது. ஐபேடை யார் வாங்கித் தருவது என்பது வேறு கதை. கூகுள் கொலாப் இலவசமாயிற்றே என்பார் இன்னொருவர். இலவசம்தான். அதற்கு சிக்னல் வேண்டும். கொரோனாக் காலத்தில் ஒன்லைன் வகுப்புக்காக மேடு தேடி ஏறிய பிள்ளைகளிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

பைட்ரொய்ட் 3 உண்மையிலேயே நல்ல சாமான். ஒருமுறை இறக்கிவிட்டால் இணையம் இல்லாமலே ஓடும். நடுவில் விளம்பரம் வரும், சகித்துக்கொள்ளலாம். ஆனால் தோட்டத்து லயத்தில் காம்பராவுக்கு ஒரு போன், அதுவும் அண்ணனோடு கொழும்புக் கடைக்கு வேலைக்குப் போய்விட்டதென்றால், எந்தச் செயலியை எதில் இறக்குவது?

உயர்தர ஐ.சி.டி. பாடத்திட்டத்தில் பைதானைச் சேர்த்த பெரியவர்களுக்கு இந்தக் கேள்வி தோன்றாமல் இல்லை. உயர்தர மாணவருக்கெல்லாம் டெப் என்று 2017 வரவு செலவுத் திட்டத்திலேயே எழுதிவைத்தார்கள். நாடு முழுக்க வந்து சேர்ந்தது அறிவிப்பு மட்டும். அதற்கு சார்ஜ் போடத் தேவையில்லை, ஸ்கிரீன் உடையாது. உயர்தர வகுப்பே இல்லாத தோட்டப் பாடசாலைகள் எத்தனையோ இருக்க, டெப்பை எங்கே வைத்துக் கொடுப்பது என்று யோசித்திருப்பார்கள், பாவம்.

ஆகவே ஹட்டன் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நான் சிபாரிசு செய்வது சீ.ஆர். கொப்பி. மின்வெட்டிலும் திறக்கும். அப்டேட் கேட்காது. பரீட்சை மண்டபத்திலும் பைதானைத் தாளில்தான் எழுதப்போகிறீர்கள். ஒரு எச்சரிக்கை: இஃப் என்று எழுதினால் அடுத்த வரியைக் கொஞ்சம் உள்ளே தள்ளித் தொடங்க வேண்டும், இடம் விடாவிட்டால் பைதான் பிழை சொல்லும். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் ஒரு குடும்பத்தையே அடைத்துவைத்தவர்கள், பிள்ளையிடம் மட்டும் இடம் விட்டு எழுதச் சொல்கிறார்கள்.

பயிற்சிக்குத் தூரம் போக வேண்டாம், அம்மாவின் சம்பளத்தையே எடுங்கள். இஃப், எடுத்த கொழுந்து கிலோ பதினெட்டுக்குக் குறைவு என்றால் அரைப்பேர், அதாவது அரைநாட் சம்பளம். எல்ஸ், முழுப்பேர். பதினெட்டா இருபதா என்பது உங்கள் தோட்டத்துத் துரையின் விருப்பம், அந்த எண்ணை மாற்றிக்கொள்ளுங்கள். மழைக்கும் அட்டைக்கடிக்கும் தனி வரி எழுதாதீர்கள், கம்பனிக் கணக்கில் அப்படி எதுவும் கிடையாது. கொப்பியில் ரன் பண்ண முடியாதே என்று கவலை வேண்டாம். அந்தியில் கொழுந்து நிறுக்கும் இடத்துக்குப் போனால், அதே நிரல் பிழையில்லாமல் ஓடுவதைப் பார்க்கலாம்.