கால்வின் பாராயணர்

தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரி எதிலும், நான்காம் செமஸ்டரில் 'ஆபரேட்டிங் சிஸ்டம்' என்னும் பாடம் தொடங்கிய சில வாரங்களுக்குள், கடைசிக்கு முந்திய பெஞ்சில் ஒரு மகானுபாவர் அவதரித்துவிடுகிறார். சில்பர்ஷாட்ஸ், கால்வின், கேக்னே ஆகிய மூவர் இயற்றிய, அட்டையில் டைனோசர் படம் தாங்கிய அந்தத் தடித்த கிரந்தத்தை அவர் கண்ணாற் கண்டதில்லை. ஆயினும் கல்லூரி வாசல் ஜெராக்ஸ் கடையில் எடுத்த சுருக்கத்தைச் சுருட்டிப் பிடித்தபடி, சந்தேகம் கேட்டு வருபவர்க்கெல்லாம், "கால்வின்ல எல்லாம் இருக்கு மச்சி" என்று அருள்பாலிப்பார். மூவருள் கால்வினுக்கு மட்டும் இப்பெருமை வாய்த்ததற்கு, உச்சரிக்கச் சுலபம் என்பதன்றி வேறு காரணம் எனக்குப் புலப்படவில்லை.

அவருடைய மூலமந்திரம், 7, 0, 1, 2, 0, 3, 0, 4 என்று தொடங்கும் 20 எண்களின் வரிசை. நினைவகத்தில் மூன்றே இடங்கள் இருக்க, பக்கங்கள் இவ்வரிசையில் கேட்கப்பட்டால் கேட்ட பக்கம் உள்ளே இல்லாத 'பேஜ் ஃபால்ட்' எத்தனை தடவை நேரும்? முதலில் வந்ததை முதலில் வெளியேற்றினால் 15. நெடுநேரம் தீண்டப்படாததை வெளியேற்றினால் 12. வருங்காலம் உணர்ந்த ஞானியைப்போல் வெளியேற்றினால் 9. கட்டம் போடாமலே இதை ஒப்பிப்பார். ஏன் என்று கேட்பது அபசாரம்.

ஐந்து தத்துவஞானிகள் வட்டமேசையைச் சுற்றியமர்ந்து, உண்ண இரு குச்சிகள் வேண்டியிருக்க ஆளுக்கொன்றை மட்டும் பற்றிக்கொண்டு, அடுத்தவர் குச்சிக்காகக் காத்துப் பட்டினி கிடக்கும் கதையைப் பேராசிரியை விவரிக்கையில், "கையால பிசைஞ்சு சாப்பிட்டா டெட்லாக்கே வராதே மேடம்" என்று எழுந்து சொல்பவரும் இவரே. வகுப்பு சிரிக்கும். நியாயமாகப் பார்த்தால் அது மட்டமான விடையன்று. ஒருவர் பிடித்தால் மற்றவர் காத்திருக்க வேண்டிய பொருளே இல்லாமற் செய்துவிடுவது, டெட்லாக்கைத் தடுக்கும் மார்க்கங்களுள் ஒன்றேயாகும். இப்புதிரின் மூலவடிவத்தை 1965-இல் டைக்ஸ்ட்ரா பரீட்சைக் கேள்வியாகவே கொடுத்தார் என்று சொன்னால், நம்மவர், "2 மார்க்கா, 13 மார்க்கா?" என்பதோடு விசாரணையை முடித்துக்கொள்வார்.

லேப் பரீட்சையிலோ அவருக்குத் தெய்வ அனுகூலம் உண்டு. வெளியிலிருந்து வந்த எக்ஸ்டர்னல், ரெக்கார்டு நோட்டைப் புரட்டியவாறே கேட்கிறார்:

"ஸோம்பி பிராசஸ்னா என்னப்பா?"

"செத்தும் போகாம நிக்கிறது சார்."

"யார் காரணம்?"

"அப்பா சார்."

குழந்தை பிராசஸ் முடிந்த பின்பும், அதைப் பெற்ற பிராசஸ் 'வெயிட்' போட்டு விசாரிக்காதவரை அதன் பெயர் பட்டியலிலிருந்து நீங்காது என்பதையே இவ்விரு சொற்கள் உணர்த்துவதாகக் கொண்டு, எக்ஸ்டர்னல் முழு மார்க்கும் வழங்கிவிடுகிறார்.

பக்கங்களை உள்ளே கொணர்வதிலும் வெளியேற்றுவதிலுமே காலமெல்லாம் கழிந்து, உருப்படியான காரியம் ஒன்றும் நடவாத அவஸ்தைக்கு 'த்ராஷிங்' என்று பெயர். பரீட்சைக்கு முன்னிரவில், முதல் யூனிட் தலையில் தங்குமுன் நான்காவதற்குத் தாவி, அது நுழைய இடமின்றி முதலாவதை மறந்து, மறுபடி அதைத் தேடி ஓடி விடியவிடியப் புரட்டியவர், காலையில் த்ராஷிங்கின் இலக்கணத்தைப் பிழையின்றி எழுதுகிறார். தம்மையே வருணிக்கிறோமோ என்னும் சந்தேகம் லவலேசமும் எழுவதில்லை.

பெரிய கேள்வியில் அதே 20 எண்கள் வந்திருக்கின்றன. கேள்வி எடுத்த புண்ணியவான் இடங்களை மட்டும் நான்காக்கியிருக்கிறார். முதலில் வந்ததை முதலில் வெளியேற்றும் முறைக்கு விடை 10. நம்மவர் 15 என்று எழுதி, அதில் வந்து நிற்கும்படி கட்டங்களையும் பொறுப்பாக நிரப்பி, ஸ்கேல் வைத்து இருமுறை அடிக்கோடிட்டுவிட்டு, வெளியே டீக்கடையில் நண்பர்களிடம் அறிவிக்கிறார்: "அவுட் ஆஃப் சிலபஸ் கேட்டுட்டாங்க மச்சி."