மன்னாரில் கேக் மணக்கும் சென்ட்

பழமும் இனிப்பும் மணக்கும் சென்ட் என்பது, சாப்பிடக் கூடாத ஒன்றைச் சாப்பாடு என்று ஊரை நம்பவைக்கும் திரவம். மல்லிகைக்குப் பூ உண்டு, சந்தனத்துக்கு மரம் உண்டு. இதன் பூர்வீகம் பெரும்பாலும் ஆய்வுகூடம். 1874இல் ஜெர்மனியில் டீமன், ஹார்மன் என்ற இருவர் ஊசியிலை மரத்தில் கிடைக்கும் ஒரு பொருளிலிருந்து வனிலாவின் மணப்பொருளான வனிலினைச் செய்தார்கள். 1992இல் பாரிஸில் தியரி முக்ளேரின் 'ஏஞ்சல்' வந்தது. அதில் தாராளமாகச் சேர்ந்த எத்தில் மால்டோலின் மணம், திருவிழாக் கடையில் விற்கும் தும்பு முட்டாஸின் மணம். அதன் பிறகு கேக், கரமல், அன்னாசி, ஸ்ட்ரோபெரி எல்லாம் வரிசையாகப் போத்தலுக்குள் இறங்கிவிட்டன.

மன்னார்த் தீவுக்கு இது வளைகுடாவிலிருந்து வருபவர்களின் பெட்டியில், துவாயில் சுற்றப்பட்டு வருவதுண்டு. எருக்கலம்பிட்டி போன்ற ஊர்களில் அத்தருக்குப் பழக்கம் அதிகம். அது எண்ணெய், துளியாய்த் தொட்டுக்கொள்வது. புதுச் சென்டோ அற்ககோலில் கரைந்தது, அழுத்தினால் பீறிடுவது. அளவை விரல் தீர்மானிக்கிறது. விரலுக்குச் சிக்கனம் தெரியாது.

சென்ட் மணப்பது ஆவியாவதால். பாரிஸ் குளிரில் கோட்டுக்குள்ளிருந்து மெல்லக் கசிவது, மன்னார் வெயிலில் அவசரப்படும். இலேசான பழமணங்கள் முதலில் பறந்துவிடும். பாரமான வனிலினும் எத்தில் மால்டோலும் பின்னேரம் வரை உடம்பை விடா. எனவே வீட்டிலிருந்து அன்னாசியாகப் புறப்படுபவர் கந்தோருக்குக் கேக்காகவே போய்ச்சேருவார்.

வழியில் மீன் இருக்கிறது. கடல்மீன் செத்தபின் அதிலுள்ள ஒரு பொருளைப் பக்டீரியாக்கள் டிரைமெதிலமீனாக மாற்றுகின்றன. அதை மிகச் சொற்ப அளவிலேயே மனித மூக்கு கண்டுபிடித்துவிடும். புளியோ தேசிக்காயோ பட்டால் அது ஆவியாகாமல் அடங்கும். சீனி மணத்துக்கு அந்தச் சக்தி இல்லை. பேசாலையில் கருவாட்டு மூட்டையோடு ஒருவரும் கரமலோடு ஒருவரும் பஸ்ஸில் ஒரே சீற்றில் உட்கார்ந்தால், எந்தச் சமையல் புத்தகத்திலும் இல்லாத பதார்த்தம் ஒன்று தலைமன்னார் வரை கூடவே வரும்.

சென்ட் போட்டவருக்கு மட்டும் இந்த மணம் தெரியாது. ஒரே மணத்தில் இருந்தால் மூக்கு சில நிமிடங்களில் அதைப் பொருட்படுத்தாமல் விட்டுவிடும். மணம் போய்விட்டதென்று அவர் இன்னும் இரண்டு தரம் அடித்துக்கொள்வார். பஸ்ஸில் ஒரு ஆச்சி, "ஆரோ அன்னாசி கொண்டு வாறாங்கள், வெயிலுக்குக் கனிஞ்சு போச்சு" என்று சீற்றுக்குக் கீழே குனிந்து பார்ப்பார். முன் சீற்றுப் பிள்ளை தாயிடம் கேக் கேட்டு அழத் தொடங்கும். காரணமானவர் யன்னல் வழியே கழுதைகளைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருப்பார்.

வாழைப்பழ மணத்தில் கூடுதல் ஆபத்து உண்டு. அதற்கு முக்கிய காரணமான ஐசோ அமைல் அசெற்றேற், தேனீ கொட்டும்போது மற்றத் தேனீக்களை உசுப்ப வெளிவிடும் பொருளும்கூட. தேன்கூட்டுப் பக்கம் போகிறவர்கள் வேறு பழம் தெரிவு செய்வது நல்லது.

இலக்கணப்படி பார்த்தால் இந்தப் பழ, இனிப்பு மண வகைக்குத் தீவிலேயே சரக்கு உண்டு: பனம்பழம். இனிப்பு, பழம், பலகார மணம் எல்லாம் அதில் இருக்கிறது. ஒன்று பழுத்துக் கிடந்தால் வீடு முழுக்கத் தெரியும். கையில் பட்டால் இலேசில் போகாது. ஆனாலும் பனங்களி பூசிய சட்டையோடு வரும் பிள்ளையைத் தாய் நேரே கிணற்றடிக்குத் துரத்துவாள். குளித்து வந்ததும் மாம்பழ சென்ட் அடித்துவிடுவாள். இந்தத் தீர்ப்பில் விலைச்சீட்டுக்குப் பங்கில்லை என்று சொல்ல முடியாது.

கடைசியாக, கறை. வனிலின் கூடிய சென்ட் நாட்பட மண்ணிறமாகும். பூசைக்குப் போட்ட வெள்ளைச் சட்டையில் பட்டால் தேத்தண்ணி சிந்தியதுபோல் தெரியும். தோலில் அடித்து, காய்ந்த பிறகு சட்டை போடலாம். பட்டுவிட்டால் உடனே சவர்க்காரம் போடவேண்டும். சவர்க்காரத்தில் எலுமிச்சை மணம் இருந்தால் அதுவும் கேக்கோடு சேர்ந்துகொள்ளும்.