புகை பிடிக்கும் ஊர்

கொசு ஒழிப்புப் பணியாளர்கள் வாராவாரம் வந்து கதவைத் தட்டுகிறார்களே, கொசுவுக்கு என் வீட்டு முகவரி மட்டும்தான் தெரியுமா?
- ஒரு வாசகி, மதுரை

முகவரி தெரியாது, கிழமைக் கணக்கு தெரியும். டெங்கு பரப்பும் ஏடிஸ், முட்டையிலிருந்து கொசுவாகிப் பறக்க ஏழு முதல் பத்து நாள் போதும். வாரம் ஒருமுறை டிரம்மையும் பிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டையும் கொட்டித் தேய்த்துக் கழுவிவிட்டால், அந்தத் தலைமுறைக்குச் சிறகே முளைக்காது.

பேசாமல் தெருவெல்லாம் புகை அடித்துவிட்டால் என்ன?
- ஒரு வாசகர், சேலம்

புகை, பறக்கிற கொசுவைத்தான் கொல்லும். தொட்டிக்குள் நெளிகிற புழு அதைச் சட்டை செய்யாது; அதற்கு அபேட் மருந்துதான் சரி. ஆனால் தொட்டியில் ஊற்றும் மருந்து யார் கண்ணிலும் படாது. புகை ஊருக்கே தெரியும். அதனால்தான் பல கவுன்சிலர்களுக்குப் புகை பிடிக்கும்!

குழாய்த் தண்ணீரில் மருந்து வாடை அடிக்கிறதே?
- ஒரு வாசகி, கடலூர்

லேசாக அடித்தால் நல்லது. கடைசி வீட்டுக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிஞ்ச வேண்டும். வழியில் குழாய் உடைந்து சாக்கடை கசிந்தால் முதலில் மல்லுக்கு நிற்பது அதுதான். சோதனைக் குழாயில் சொட்டு மருந்து விட்டதும் தண்ணீர் மஞ்சளாக மாறினால் சுகாதார ஆய்வாளருக்கு நிம்மதி. மஞ்சள் மங்களகரம் என்பது இங்கேயும் செல்லும்.

என் வீட்டுத் தொட்டியை மூடச் சொல்ல அரசு யார்?
- ஒரு வாசகர், கோவை

தொட்டி உங்களுடையது. அதில் பிறக்கும் கொசு பக்கத்து வீட்டுக்காரருக்கும் சொந்தம். இதைப் புரிந்துகொண்டுதான் 1939-லேயே, நாடு சுதந்திரம் பெறும் முன்பே, சென்னை மாகாணத்தில் பொதுச் சுகாதாரச் சட்டம் போட்டுவிட்டார்கள்.

பஜ்ஜிக் கடைச் சட்டியில் எண்ணெய் கன்னங்கரேல் என்று இருக்கிறதே?
- ஒரு வாசகர், திருச்சி

திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் சமையலுக்கு ஆகாது என்பது உணவுப் பாதுகாப்பு விதி. பயோடீசலாகி லாரிக்குப் போகலாம். உங்கள் வயிற்றுக்குப் போகக் கூடாது.

இப்படிக் குழாயையும் கிணற்றையும் பார்த்தே ஒழித்த நோய் ஒன்றாவது உண்டா?
- ஒரு வாசகர், நெல்லை

நரம்புச் சிலந்தி! காலைத் துளைத்துக்கொண்டு முழ நீளத்துக்கும் மேலாகப் புழு வெளிவரும். தடுப்பூசி கிடையாது, குணமாக்கும் மருந்தும் கிடையாது. படிக்கிணற்றில் கால் வைக்காதே, தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடி என்று வீடு வீடாகச் சொன்னார்கள்; அடிபம்பு போட்டார்கள். 1996-ல் ராஜஸ்தானில் இந்தியாவின் கடைசி நோயாளி. 2000-ல் உலக சுகாதார நிறுவனத்தின் சான்றிதழ். இன்று உங்கள் பேரனிடம் நரம்புச் சிலந்தி என்று சொல்லிப் பாருங்கள், "ஸ்பைடர்மேனா தாத்தா?" என்பான். சுகாதாரத் துறைக்கு அதைவிடப் பெரிய பதக்கம் வேண்டுமா?