உது கணக்கில்லை

ரொறன்ரோவின் புளோர், யங், யூனிவர்சிட்டி ஆகிய மூன்று வீதிகளில் உள்ள பைக் லேன்களைப் பிடுங்கி எறிய ஒன்ராறியோ மாகாண அரசு 2024 நவம்பரில் சட்டம் கொண்டுவந்தது. எங்கள் சித்தப்பா அந்தத் தீர்ப்பை அதற்கு வெகுகாலம் முன்பே காரின் முன்சீட்டிலிருந்து வழங்கிவிட்டார்.

"ஒரு காக்கா குருவி ஓடுறேல்லை, தம்பி. சும்மா காசைக் கொட்டி வைச்சிருக்கிறாங்கள்."

போடுவதற்கு 2 கோடி 70 லட்சம் டொலர் செலவானது, எடுப்பதற்கு 4 கோடி 80 லட்சம் ஆகும் என்று நகரசபை அதிகாரிகள் கணக்குக் காட்டினார்கள். சித்தப்பா அசரவில்லை. "எங்கட பொடியனொருத்தன் கொங்கிறீற் வேலை செய்யிறான். அவனிட்டைக் குடுத்தால் ஒரு சனி ஞாயிறில முடிச்சுத் தருவான்."

அவரைச் சைக்கிள் விரோதி என்று நினைத்துவிடாதீர்கள். தொண்ணூறுகளில், பொருளாதாரத் தடையால் யாழ்ப்பாணத்தில் பெற்றோலும் பற்றறியும் தங்கமாக இருந்த காலத்தில், அவருடைய லுமாலா சைக்கிள்தான் குடும்பத்தின் கார், லொறி, மின்சார நிலையம் எல்லாம். பாரில் சித்தி, கரியரில் அரிசி மூட்டை, மூட்டைக்கு மேல் மூத்த மகன். இரவானால் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து ரேடியோவுக்கு வயர் இழுத்து பிபிசி தமிழோசை கேட்பார்கள். சுற்றுகிறவன் கை ஓய்ந்தால் லண்டனில் செய்தி வாசிப்பவருக்குத் தொண்டை அடைத்துவிடும். அப்பேர்ப்பட்டவர், கனடாவில் கார்ச் சாவி கைக்கு வந்த அன்றே, சைக்கிள் என்பது கஷ்டகாலத்துச் சாமான் என்று முடிவுகட்டிவிட்டார்.

"எங்கட ஊரில லேன் இருந்ததோ? முழு ரோட்டும் எங்கட லேன்தானே!" என்பார். சைக்கிள் சங்கத்துக்காரர்கூட இதைவிட நல்ல வாதம் வைத்ததாக நான் அறியேன். அவரிடம் அதைச் சொல்லவில்லை.

இந்தச் சண்டை மாகாண முதல்வர் டக் ஃபோர்ட் வீட்டுக்கும் புதிதல்ல. அவருடைய தம்பி ரொப் ஃபோர்ட் மேயராக இருந்தபோது, 2011இல், ஜார்விஸ் வீதியோடு சேர்த்து எங்கள் ஸ்காபரோவின் பேர்ச்மவுண்ட், ஃபார்மசி வீதிகளின் பைக் லேன்களையும் எடுக்க நகரசபை முடிவுசெய்தது. கோடு அழிந்தது. பேர்ச்மவுண்டில் மாலை ஐந்து மணிக்கு நான் இன்றைக்கும் அதே சிவப்பு விளக்கில்தான் நிற்கிறேன்.

புதுச் சட்டம் நீதிமன்றம் போனது. லேனை எடுத்தால் நெரிசல் குறையும் என்பதற்கு ஆதாரமில்லை, சைக்கிளோட்டிகளின் உயிருக்குத்தான் ஆபத்து, ஆகவே உரிமைச் சாசனத்துக்கு முரண் என்று 2025 ஜூலையில் நீதிபதி சொல்லிவிட்டார். அரசு மேன்முறையீடு என்றது. சித்தப்பா, "நீதவான் புளோரில கார் ஓடியிருக்க மாட்டார்" என்றார்.

அவரைக் கண் வைத்தியரிடம் காட்டப் புளோர் வழியாகக் கூட்டிக்கொண்டு போனபோதுதான் அவருடைய கணக்கு முறை எனக்குப் பிடிபட்டது. எங்கள் லேன் நகரவில்லை. பக்கத்தில், முதுகில் பெரிய சாப்பாட்டுப் பையோடு ஒரு மாணவன் மின்சாரச் சைக்கிளில் பறந்தான்.

"உது மோட்டர். கணக்கில்லை."

முன்னால் பெட்டி பூட்டி அதற்குள் இரண்டு பிள்ளைகளை இருத்திக்கொண்டு ஒரு தாய் போனாள். "உது வண்டில்." அடுத்தது பைக் ஷெயர். "வாடகைச் சைக்கிள். சொந்தமில்லை." 2023இல் மட்டும் அந்தச் சைக்கிள்களில் 50 லட்சம் பயணங்களுக்கு மேல் நடந்திருக்கின்றன என்றேன். "50 லட்சம் தரம் வாடகை குடுக்கிறவன் ஒண்டை வாங்கலாமே?"

பிறகு அவர் வயதையொத்த ஒரு வெள்ளைத்தாடிக்காரர், மணியைக் கிணுகிணுத்தபடி, எங்களைக் கடந்து போனார். சித்தப்பா நீண்ட நேரம் பார்த்தார். "உவருக்கு வீட்டில கேக்க ஆளில்லை."

இப்படிக் கழித்துக்கொண்டே வந்தால் மிச்சம் பூச்சியம்தானே. இதே முறையில் கார்களையும் எண்ணிப் பார்க்கலாமா என்று கேட்டேன். முன்னால் நின்றவற்றில் அனேகமாக எல்லாவற்றிலும் ஒரே ஒரு தலை. "அதுகள் வேலைக்குப் போற சனம்" என்று முழுவதையும் வரவு வைத்தார்.

எனக்கென்னவோ, நின்றுகொண்டிருப்பவன் கண்ணுக்கு ஓடிப் போய்விட்டவன் தெரிய நியாயமில்லை. கார் லேன் நிறைந்து தெரிவதே அது நகராததால்தான். அதற்காக மறுபக்கத்தாரும் உத்தமர்களல்ல. லேனுக்கு வக்காலத்து வாங்குகிறவர் ஜூன் மாத மாலையில் படம் பிடிக்கிறார். எதிர்க்கிறவர் பெப்ரவரிப் பனிக் குவியலுக்காகக் காத்திருக்கிறார். இரண்டாமவரின் வாதம், கல்யாண வீட்டுக்கு விடியவே போய்ப் பந்தியில் ஆளில்லை, இலையை எடு என்கிற மாதிரி. பெப்ரவரியிலும் ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள் என்றால் சித்தப்பா நெற்றிப்பொட்டில் விரலை வைத்துச் சுழற்றிக் காட்டுவார்.

வைத்தியரின் கட்டடம் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில், பார்சல் வான் ஒன்று நான்கு விளக்கையும் மினுக்கிக்கொண்டு பைக் லேனை அடைத்து நின்றது. பின்னால் வந்த சைக்கிள்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பி எங்கள் காருக்கு முன்னால் இறங்கின. நான் பிரேக்கை அழுத்தினேன். சித்தப்பா எட்டிக் கை நீட்டி ஹோர்னை அமத்தினார்.

"லேன் ஒண்டு சும்மா கிடக்க, இவங்கள் ஏன்டா ரோட்டுக்குள்ள வாறாங்கள்?"