சீட்டு கெடைக்காத டாக்டரம்மா

வா கண்ணு, உக்காரு. அந்த நாற்காலி வேணாம், ஒரு காலு ஆடும். சீட்டுக் கம்பெனிக்காரனுக்குன்னு போட்டு வெச்சிருக்கேன். நீ இப்படித் திண்ணையில வா.

நீட்டு ரிசல்ட் வந்ததுலேர்ந்து ஆண்டர்சன்பேட்டையே உங்க வூட்டுக்குத் துக்கம் விசாரிக்க வருதாமே? பரீட்சைக்கு முன்னாடியே உன்னை டாக்டரம்மான்னு கூப்பிட்டது இந்தத் தெருதான். எதிர்வூட்டு அத்தை சுகர் மாத்திரையை ஒண்ணா ரெண்டான்னு உன்னைக் கேட்டுத்தான் முழுங்கினா. இப்ப அதே அத்தை உன்னைக் கண்டா தலையைக் குனிஞ்சிகினு போறா. உன் மேல இரக்கம்னு நெனச்சிக்காதே. மாத்திரைக்கு வேற ஆளு பாக்கணுமேன்னு அவ கவலை அவளுக்கு.

வந்தவங்க எல்லாரும் மைன்ஸ்ல தங்கம் எடுத்துட்டுக் கொட்டின சைனைடு மேட்டைக் காட்டியிருப்பாங்களே? "வேணாம்னு தள்ளின மண்ணுலயே தங்கம் இருக்குதும்மா, உன்னையும் ஒருநாள் தேடி வருவாங்க." நம்ம ஊர்க்காரன் ஆறுதல் சொன்னா அந்த மேட்டைத் தாண்டவே மாட்டான். நீயாவது கணக்குப் போட்டுப் பாத்தியா? அரசாங்கம் சொல்ற கணக்குல அந்த மேடுங்கள்ல கெடக்கிறது மூணு கோடியே முப்பது லட்சம் டன் மண்ணு. தங்கம் சுமாரா 23 டன். அப்படின்னா டன்னுக்கு முக்கால் கிராம்கூட இல்ல. உன்னை டன் கணக்குல அரைச்சி வடிகட்டினா ஒரு மூக்குத்தி தேறும்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டுப் போறான், நீ அவனுக்கு டீ போட்டுக் குடுத்து அனுப்பியிருக்கிற.

நான் அந்த மாதிரி எல்லாம் சொல்ல மாட்டேன். லிஸ்டுல கோடு எங்க விழுதுன்னு மட்டும் சொல்றேன். சின்ன வயசுல மைன்ஸ் வேலைக்குப் போனப்ப எடை போட்டுப் பாத்து என்னை அன்ஃபிட்டுன்னு அனுப்பிட்டாங்க. அடுத்த தடவை ஒரு சீப்பு வாழைப்பழத்தைத் தின்னு, மேலுக்கு ரெண்டு சொம்பு தண்ணியும் குடிச்சிட்டுப் போய் தராசுல ஏறினேன். ஃபிட்டு. வேலை கெடைச்சது எனக்கா வாழைப்பழத்துக்கான்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல. அப்புறம் 2001 பிப்ரவரில கம்பெனியை இழுத்து மூடுற வரைக்கும் கேஜுல எறங்கி ஏறினேன். சாம்பியன் ரீஃப் அடியில 10,000 அடிக்கும் கீழ பாறை வெடிச்சப்பகூட எந்தப் பாறையும் நீ எத்தினி கிலோன்னு கேட்டதில்ல.

சிரிக்காதே, இதையே அமெரிக்காக்காரன் பெரிய ஆராய்ச்சியா எழுதியிருக்கிறான். ஹூஸ்டன்ல நர்சா இருக்கிற என் தங்கச்சி மருமக சொன்னா. 1979ல அந்த ஊரு மெடிக்கல் காலேஜுல 800 பிள்ளைங்களை நேர்ல கூப்பிட்டுப் பேசி, ஒண்ணுலேர்ந்து 800 வரைக்கும் வரிசை போட்டாங்க. மேல இருந்து 150 பேரை எடுத்தாச்சு. அப்ப பாத்து டெக்சாஸ் சட்டசபை இன்னும் 50 பேரைச் சேருன்னு உத்தரவு போட்டுது. நல்ல பிள்ளைங்க எல்லாம் வேற காலேஜுக்குப் போயிட்டாங்க. மிச்சம் கெடந்தது வரிசையோட வாலு, 700க்குக் கீழ இருந்தவங்க. சரின்னு அதுலேர்ந்து 50 பேரை அள்ளிப் போட்டுகினாங்க. அந்த அம்பதுல 43 பேருக்கு வேற எந்தக் காலேஜுலயும் எடம் கெடைச்சிருக்கல. படிச்சி முடிச்சி, ஆஸ்பத்திரியில வேலை பாத்ததையும் சேத்து வெச்சி ரெண்டு கூட்டத்தையும் ஒப்பிட்டாங்க. ஒரு வித்தியாசமும் இல்ல. 1987ல அதை அவங்க டாக்டருங்க பத்திரிகையிலயே அச்சடிச்சாங்க.

முகத்துல வெளிச்சம் வந்துடுச்சே! இரு, இரு. அந்த 800 பேரும் மார்க்கு வாங்கி உள்ள வந்தவங்க. அவங்களைப் பின்னால தள்ளினது பெரும்பாலும் மூஞ்சியைப் பாத்துப் பேசின பேட்டிதான். உன்னைத் தள்ளினது மார்க்கு. உன் மார்க்கு எனக்குத் தெரியும், உங்க நைனா குடிக்காமயே சொல்லிட்டாரு. அந்த மார்க்குக்கு ஹூஸ்டன் கதை செல்லாது கண்ணு.

அதுக்காகக் கோடு என்னமோ சாமி கிழிச்சதுன்னும் நெனைக்காதே. 2024ல நீட்டு எழுதினவங்க 23 லட்சத்துக்கு மேல. எம்பிபிஎஸ் சீட்டு நாடு முழுக்க லட்சத்துச் சொச்சம். அந்த வருஷம் 67 பேரு 720க்கு 720ன்னு சொன்னாங்க. அப்புறம் 1,563 பேருக்குப் போட்ட கருணை மார்க்கைப் புடுங்கினாங்க. ஒரு பிசிக்ஸ் கேள்விக்கு எது சரியான விடைன்னு பாக்க சுப்ரீம் கோர்ட்டு டெல்லி ஐஐடி ஆளுங்களைக் கேக்க வேண்டியதாப் போச்சு. கடைசில முழு மார்க்கு 17 பேருன்னு ஆச்சு. ஒரே ஒரு கேள்வி, லட்சக்கணக்கான பிள்ளைங்க ரேங்கு மாறிப்போச்சு. நீ என்னடான்னா அந்தக் கோட்டைப் பாத்து ஒரு வாரமா சோறு திங்கலியாம்.

சரி, அடுத்த வருஷம் எழுதுறியா? எழுது. தப்பா ஒண்ணு போட்டா ஒரு மார்க்கு போவுது. உங்கம்மா சொன்னா, தெரியாத கேள்விக்கெல்லாம் குலசாமியைக் கும்பிட்டு வட்டத்தை நெரப்பிட்டு வந்தியாமே. குலசாமி எங்க பிசிக்ஸ் படிச்சுது? லாங் டெர்ம் கோச்சிங்குன்னு பெங்களூருக்குத் தெனம் போறேங்கிறியே, மாரிக்குப்பம் விடிகாலை ரயிலுல சீட்டுப் புடிக்கிறதுக்கே தனியா ஒரு கோச்சிங் வேணும். போக வர அம்மாம் நேரம் நின்னுகினே வந்தா எங்க படிப்பே? பாதி வருஷம் வூட்டுல உக்காந்து பழைய கேள்வித்தாளைப் போட்டுப் பாரு, அப்புறமா துட்டைக் கட்டு.

மெட்ராஸ் மாமன் சொன்னாரு, அங்க அரசுப் பள்ளிப் பிள்ளைங்களுக்கு ஏழரை சதவீதம் தனியா இருக்குன்னு. இருக்குது, 2020லேர்ந்து. ஆறாவதுலேர்ந்து பன்னெண்டாவது வரைக்கும் தமிழ்நாட்டு கவர்மெண்டு ஸ்கூல்ல படிச்சிருக்கணும். நாம வூட்டுல தமிழ் பேசுறதுக்கு அங்க சீட்டு குடுக்க மாட்டான். இங்க கன்னட மீடியம் கோட்டா இருக்குது, நீ படிச்சது இங்கிலீஷ். கிராமத்துக் கோட்டா கேக்கலாம்னா நாம முனிசிபாலிட்டி. தண்ணி விடும்போது மட்டும் நாம கிராமம். கோலார் டமக்காவுல 1986லேர்ந்து காலேஜு இருக்குதே, பக்கம்தானேன்னா, அது டீம்டு யுனிவர்சிட்டி. அந்த சீட்டு நம்ம ஸ்டேட்டு கவுன்சிலிங் நடத்துற பெங்களூரு கேஇஏகிட்ட இல்ல, டெல்லிக்காரன் கவுன்சிலிங்குல வருது. பீஸைக் கேட்டுட்டு உங்க நைனா வந்து படுத்தா நீ டாக்டரா இல்லாம அவருக்கு யாரு வைத்தியம் பாக்கிறது?

இன்னொண்ணு. மொத ரவுண்டுல பேரு இல்லன்னா மூட்டையைக் கட்டிடாதே. ரெண்டாவது இருக்குது, மூணாவது இருக்குது, அதுக்கப்புறம் ஸ்ட்ரே வேகன்சி இருக்குது. நடுவுல எவனாவது போன் பண்ணி, "மேனேஜ்மெண்ட்டுல ஆளு இருக்காங்க, அட்வான்ஸ் மட்டும் அனுப்புங்க"ன்னா என்கிட்ட குடு. நான் அந்த ஆடுற நாற்காலியில உக்காரச் சொல்றேன்.

பொண்ணாப் பொறந்ததாலதான்னு உங்க ஆயா அழுதாங்களாமே. அதெல்லாம் அப்ப. புதுக்கோட்டை மகாராஜா காலேஜுல முத்துலட்சுமின்னு ஒரு பொண்ணைச் சேக்கக் கூடாதுன்னு ஊரே மறிச்சுது, பையனுங்க கெட்டுப் போயிடுவாங்களாம். ராஜா சேத்துக்கோன்னாரு. 1907ல அந்தம்மா மெட்ராஸ் மெடிக்கல் காலேஜுக்குப் போனாங்க, 1912ல டாக்டரு. கடைசில அடையாறுல கேன்சர் ஆஸ்பத்திரியே கட்டிட்டாங்க. உன்னை ஒரு பையனும் மறிக்கல. உயிரியல்ல நல்லாத்தான் போட்டிருக்கிற, பிசிக்ஸ்தான் மறிச்சுது. அதுக்கு ஆயாவை ஏன் அழ விடுற?

கொஞ்சம் கிட்ட வா. அரியலூர் அனிதான்னு ஒரு பொண்ணு, பிளஸ் டூவுல 1200க்கு 1176. 2017 செப்டம்பர் ஒண்ணாந்தேதி, டாக்டர் சீட்டு கெடைக்காம உயிரை விட்டுட்டா. அதைப் பத்திப் பேசினா எனக்குக் கிண்டல் வராது. உன் ரூம் தாழ்ப்பாளைக் கழட்டச் சொன்னது நான்தான். உங்கம்மா மேல கோவப்படாதே, என் மேல படு. ராத்திரி தூக்கம் வரலன்னா வந்து கதவைத் தட்டு. எனக்கும் இருமல்ல தூக்கம் வர்றதில்ல, ரெண்டு பேரும் உக்காந்து ஊருக் கதை பேசலாம்.

வயசு போயிடுமேன்னு வேற சொன்னியாமே? பதினெட்டுல! 2022லேயே வயசு வரம்பை எடுத்துட்டாங்க. அதுக்கும் முன்னாடி 2020ல ஒடிசாவுல ஒருத்தரு, பேங்குல ரிடையர் ஆனவரு, 64 வயசுல எம்பிபிஎஸ் சேந்தாரு. அதைப் படிச்சதுலேர்ந்து எனக்கும் ஒரு நப்பாசை. எட்டாவதுலயே நின்னுட்டேன்னு பாக்கிறியா? பன்னெண்டு பாஸ் பண்ணிட்டா போச்சு. பிசிக்ஸ் நீ சொல்லிக் குடு, உனக்கே வராதுன்னாலும் பரவால்ல, சேந்து பெயிலாவலாம். கெமிஸ்ட்ரியில சைனைடு விட்டுத் தங்கம் பிரிக்கிற பாடம் ஒண்ணு இருக்குமே, அதை நான் கண்ணை மூடிகினு எழுதிடுவேன்னு தைரியமா இருந்தேன். போன வாரம் உன் தம்பி புஸ்தகத்தைப் பாத்துட்டுச் சொல்றான், 2024லேர்ந்து நீட்டு சிலபஸ்லேர்ந்தே அதைத் தூக்கிட்டாங்களாம்.