நுளம்பு வேடத்துக்கு ஒரு சிறப்புப் பட்டம்

பல்கலைக்கழகத்தில் நாடகம் படிக்கப்போகிறேன் என்று யாழ்ப்பாணத்து வீடொன்றில் ஒரு பிள்ளை சொல்லட்டும். தாய் அழுவாள். தகப்பன் சைக்கிளை எடுத்துக்கொண்டு மாமனைக் கூட்டிவரப் போவார். மாமன் சனசமூக நிலையத் தலைவர். ‘கூத்து எங்கள் இனத்தின் முதுசம்’ என்று போன கிழமைதான் ஒலிவாங்கி அதிர முழங்கியவர். போர்த்திய பொன்னாடை இன்னும் மடிப்புக் கலையவில்லை. வந்து உட்கார்ந்து, தேத்தண்ணி குடித்து, தீர்ப்புச் சொல்வார்: “முதுசத்தை மற்றவன்ரை பிள்ளையள் பாப்பினம். நீ கணக்கியலை எடு.”

இந்த மாமனை உங்களுக்குத் தெரியும். எல்லா ஊரிலும் இருக்கிறார். சில இடங்களில் அவரே அமைச்சர்.

அவரையும் தாண்டி ஆண்டுதோறும் பிள்ளைகள் நாடகம் படிக்கத்தான் போகிறார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்குப் போகிறார்கள். கல்லடியில் இருக்கும் சுவாமி விபுலாநந்த அழகியல் கற்கைகள் நிறுவகத்துக்குப் போகிறார்கள். படிப்பு இலவசம். இதைப் பெருமையாகவே சொல்லலாம். வேறு பல நாடுகளில் நாடகம் படிக்கக் கடன்பட வேண்டும். இங்கே அரசாங்கம் தன் காசைச் செலவழித்து ஒரு கலைஞனை உருவாக்குகிறது. உருவாக்கிய பிறகு அவனை வைத்து என்ன செய்வதென்று அதற்குத் தெரியாது. தெரியாது என்று ஒத்துக்கொள்ளவும் தெரியாது.

கூத்து உயர்தரத்திலேயே தொடங்குகிறது. ‘நாடகமும் அரங்கியலும்’ ஒரு பாடம். நல்ல பாடம். அதை எங்கே படிக்கிறார்கள்? தகரக் கொட்டகை ரியூட்டரியில். வாங்குகளில் நெருக்கி உட்கார்ந்து, ‘பிறெக்ற்றின் தூரப்படுத்தல் உத்தி: ஐந்து பண்புகள்’ என்று நோட்ஸ் எழுதுகிறார்கள். ஸ்ரனிஸ்லாவ்ஸ்கிக்கு ஆறு வரி. அரிஸ்ரோட்டிலுக்குப் பத்து வரி, அவர் பழைய ஆள். கையை நீட்டினால் பக்கத்துப் பிள்ளையின் கண்ணில் குத்தும். உடம்பையும் குரலையும் கொண்டு செய்யும் கலையை முதுகு வளைத்து எழுதி, பாடமாக்கி, ‘ஏ’ எடுக்கிறார்கள். ஒரு முழுநீள நாடகத்தையேனும் மண்டபத்தில் இருந்து பார்த்திராத பிள்ளையும் ‘ஏ’ எடுக்கும். பிள்ளையைக் குறை சொல்லாதீர்கள். ஊரில் யாராவது நாடகம் போட்டால்தானே அது பார்க்க.

எப்போதும் இப்படித்தான் இருந்தது என்று சாட்டுச் சொல்லவும் வேண்டாம். பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் இருந்துகொண்டு மட்டக்களப்புக் கிராமங்களுக்குப் போனார். கூத்துப் பழக்கும் அண்ணாவிமாரைத் தேடிப் பிடித்தார். அறுபதுகளின் தொடக்கத்தில் ‘கர்ணன் போர்’, 1964 இல் ‘இராவணேசன்’. விடிய விடிய ஆடிய கூத்தைச் சுருக்கி நகரத்து மேடையில் ஏற்றியவர்கள் பல்கலைக்கழக மாணவர்கள். நாடகத்தில் பட்டம் எடுக்க வந்தவர்கள் அல்லர். ஆட வந்தார்கள், ஆடினார்கள். இராவணனாக ஆடிய மாணவர் சி. மௌனகுரு பின்னாளில் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். 1978 இல் குழந்தை ம. சண்முகலிங்கம் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கினார். 1985 இல் அவர் எழுதிய ‘மண் சுமந்த மேனியர்’ நாடகத்தை க. சிதம்பரநாதன் நெறிப்படுத்தினார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர்கள் அதைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள். எந்த முகாமிலிருந்து எப்போது ஷெல் வரும் என்று தெரியாத காலம். சனம் வந்தது. இருந்து பார்த்தது. அழுதது.

துவக்குகளுக்கு நடுவே ஆடியவர்களுக்கு மேடை கிடைத்தது. போர் ஓய்ந்தபின் படிக்க வந்தவர்களுக்கு ஒப்படை கிடைக்கிறது. அரையாண்டுப் பரீட்சை கிடைக்கிறது. 80 சதவீத வரவு கட்டாயம். மேடையேற்றம் கட்டாயம் என்று மட்டும் யாரும் சொல்லிவிடக் கூடாது; மேடையேற்றத்துக்கு வெளிச்சம் வேண்டும், உடுப்பு வேண்டும், ஒத்திகைக்கு இடம் வேண்டும், எல்லாவற்றுக்கும் விலைமனு மூன்று வேண்டும்.

கடைசி வருடம் ஆய்வேடு. மாணவன் கைபேசியோடு அண்ணாவியார் வீட்டுக்குப் போகிறான். கிழவர் மத்தளத்தை எடுத்து வைத்து, வடமோடித் தாளக்கட்டை வாயால் சொல்லி, அது காணாதென்று எழும்பி ஆடியும் காட்டுகிறார். எழுபது வயதுக் கால்கள். மாணவனுக்கு வகுப்புச் சித்தி. மேற்பார்வையாளருக்கு ஆய்வரங்கக் கட்டுரை. அண்ணாவியாருக்குப் பின்னிணைப்பில் ஒரு வரி: தகவலாளர், ஆண், வயது 70. இவரையே நிரந்தர ஆசிரியராக எடுத்தால் என்ன என்று கேட்டுப் பாருங்கள். சுற்றறிக்கை இடங்கொடாது. பட்டம் வேண்டும், அதிலும் வகுப்பு வேண்டும். கூத்துத் தெரிந்தவரிடம் பட்டம் இல்லை. பட்டம் பெற்றவனுக்கு மேடை இல்லை. இரண்டுக்கும் நடுவில், சுற்றறிக்கையைக் கையில் பிடித்தபடி நிர்வாகம் இருக்கிறது.

பட்டமளிப்பு முடிந்து அங்கியைத் திருப்பிக் கொடுத்ததும் அடுத்த மேடை தெருதான். 2017 இல் மட்டக்களப்பு காந்தி பூங்காவில் வேலையற்ற பட்டதாரிகள் வாரக்கணக்கில் இருந்தார்கள். அரசியல்வாதிகள் வந்தார்கள். கையைப் பிடித்தார்கள், கண்கலங்கினார்கள், படம் எடுத்தார்கள், போனார்கள். பட்டம் பெற்றவர்கள் வெயிலில். பட்டமே பெறாத நடிகர்கள் குளிரூட்டிய வாகனத்தில்.

2020 இல் ஞானம் பிறந்தது. தேர்தல் ஆண்டு, வேறு எப்போது பிறக்கும்? 50,000 பட்டதாரிகளை ஒரே வீச்சில் பயிலுநர்களாக எடுப்பதாக அறிவித்தார்கள். மாதம் 20,000 ரூபா. என்ன பயிற்சி, எதற்கு, முடிந்தபின் என்ன வேலை என்பதெல்லாம் அற்பக் கேள்விகள். எது படித்தவராயினும் போய்ச் சேரும் துறைமுகம் ஒன்று: அபிவிருத்தி உத்தியோகத்தர்.

ஏதாவதொரு பிரதேச செயலகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மேசைகளை விட உத்தியோகத்தர் அதிகம். காலை எட்டரைக்கு இயந்திரத்தில் விரல் வைப்பது முதற் காட்சி. நாலே காலுக்கு மறுபடி வைப்பது இறுதிக் காட்சி. இடைவேளைதான் நீளம். அங்கே நாடகம் படித்த பெண் ஒருத்தி, கோழிக்குஞ்சு வழங்கும் திட்டத்துக்குப் பயனாளிகள் பட்டியல் எழுதிக்கொண்டிருக்கிறாள். மழை பெய்து டெங்கு வருகிறது. மேலதிகாரி கூப்பிடுகிறார். “பிள்ளை, நீங்கள் நாடகம்தானே படிச்சனீங்கள்? டெங்குக்கு ஒரு வீதி நாடகம் போடுங்கோவன். பத்து நிமிசம் காணும்.”

காசு தொண்டு நிறுவனத்தின் காசு. காசோடு பதாகை வரும். பதாகையில் நான்கு இலச்சினை. பிறகு படிவம் வரும். பார்வையாளரில் ஆண்கள் எத்தனை, பெண்கள் எத்தனை, சிறுவர் எத்தனை. நாடகம் எப்படி இருந்தது என்று கேட்க அந்தப் படிவத்தில் கட்டம் கிடையாது. சோபோக்கிளிசிலிருந்து சரச்சந்திர வரை படித்த சிறப்புக் கலைமாணி, கறுப்புத் துணி சுற்றி, குளிர்பானக் குழாயை மூக்கில் கட்டி, சந்தை வாசலில் ‘ங்ங்ங்’ என்று சுற்றுகிறாள். நுளம்புக்கு நல்ல கைதட்டு. அடுத்த மாதம் எலிக்காய்ச்சல் விழிப்புணர்வு. அவளுக்குப் பதவி உயர்வு: எலி.

ஆசிரிய நியமனம் கிடைத்தவர்கள் தப்பிவிட்டார்கள் என்பீர்கள். பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பாருங்கள். நாடக ஆசிரியருக்கு நேர அட்டவணையில் சுகாதாரம் இரண்டு பாடம், குடியுரிமைக் கல்வி மூன்று பாடம். பிரதான மண்டபத்தில் உடைந்த வாங்குகள். நாடகம் வேண்டியது பரிசளிப்பு விழாவுக்கு மட்டும். பிரதம விருந்தினர் முக்கால் மணிநேரம் பேசலாம். நாடகத்துக்கு எட்டு நிமிடம், அதையும் ஆறாகக் குறைக்கச் சொல்லி மேடை ஓரத்திலிருந்து அதிபர் விரல் காட்டுவார்.

இவ்வளவையும் கடந்து, இல்லை, நான் உண்மையாகவே நாடகம் போடப்போகிறேன் என்று ஒருவன் கிளம்பினால் அவனைச் சந்திக்க 1912 ஆம் ஆண்டு காத்திருக்கிறது. வெள்ளைக்காரன் அந்த ஆண்டில் போட்ட பொது ஆற்றுகைச் சட்டத்தின் நிழலில், பிரதியை முன்கூட்டியே தணிக்கைச் சபைக்கு அனுப்பி அனுமதி வாங்க வேண்டும். சுதந்திரம் வந்தது, குடியரசு வந்தது, அரசியலமைப்பு இரண்டு வந்தது. வெள்ளைக்காரனின் பயம் மட்டும் வீட்டுக்குப் போகவில்லை. ஒரு கையால் இலவசமாக நாடகம் கற்பிக்கும் அரசு, மறு கையில் சிவப்புப் பேனை பிடித்திருக்கிறது. கேள்வி கேட்பது எப்படி என்று விரிவுரை மண்டபத்தில் சொல்லித் தரும். அந்தக் கேள்வியை மேடையில் கேட்கலாமா என்பதைக் கொழும்பு தீர்மானிக்கும்.

பண்பாட்டுக்கு நாம் ஒன்றுமே செய்யவில்லையா? செய்திருக்கிறோம். இந்தியா காசு கொடுத்தது, யாழ்ப்பாணத்தில் 11 மாடியில் கலாசார மையம் எழும்பி நிற்கிறது. 600க்கு மேற்பட்ட இருக்கைகளோடு அரங்கம். 2025 ஜனவரியில் அதற்குத் திருவள்ளுவர் பெயர் வைத்தார்கள். யாழ்ப்பாணம் என்ற பெயர் விடுபட்டுப் போயிற்று என்று வெடித்தது சண்டை. அறிக்கை, மறுப்பறிக்கை, கண்டனம், விளக்கம். ஒருவழியாக யாழ்ப்பாணமும் பலகையில் ஏறியது. சண்டை நியாயமானதே. ஆனால் அந்தப் பலகைக்குக் கீழே உள்ள கதவுக்குள் எத்தனை நாடகம் நடக்கப்போகிறது என்று அறிக்கை விட்டவர்களில் எத்தனை பேர் கேட்டார்கள்?

அதே ஜனவரியில்தான் குழந்தை ம. சண்முகலிங்கம் காலமானார். தொண்ணூறு கடந்த வாழ்வு. நாடகத்துக்கே கொடுத்த வாழ்வு. இரங்கல் செய்திகள் குவிந்தன. ஈடுசெய்ய முடியாத இழப்பு என்று எழுதினார்கள். ஈடுசெய்ய முயன்றுபார்த்த ஒருவர் இப்படி எழுதியிருந்தால் நம்பலாம். மாமனும் மாலை போட்டிருப்பார்.

சனத்துக்குக் கலையில் ஆர்வமில்லை என்ற கதையை மட்டும் சொல்லாதீர்கள். 2024 பெப்ரவரியில் யாழ்ப்பாண முற்றவெளியில் இந்தியாவிலிருந்து பாடகரும் நடிகைகளும் வந்தபோது தடுப்புகளையே உடைத்துக்கொண்டு பாய்ந்தது சனம். ஆர்வம் மலைபோல் இருக்கிறது. அதை உள்ளூரில் ஆடுகிறவன் பக்கம் திருப்ப ஒரு நிர்வாகிக்கும் நேரமில்லை, ஒரு வியாபாரிக்கும் காசில்லை, வெளிநாட்டிலிருந்து கோபுரத்துக்குப் பொற்தகடு அனுப்பும் அன்பருக்கும் மனமில்லை.

இனிக் கொள்கை வேண்டாம். செயலணி வேண்டாம். ஐந்தாண்டுத் திட்டம், அதன் வெளியீட்டு விழா, குத்துவிளக்கு, பொன்னாடை ஒன்றும் வேண்டாம். இறுதி வருட நாடக மாணவர் பதினைந்து பேர். நாடகம் ஒன்று எழுதி முடித்திருக்கிறார்கள். மூன்று கிழமை ஒத்திகை பார்க்க ஒரு மண்டபம் வேண்டும், காசு இல்லை. அமைச்சரே, ஆளுநரே, உபவேந்தரே, சனசமூக நிலையத் தலைவர் மாமாவே, திறப்பு யாரிடம் இருக்கிறது?