பன்னிரண்டு விருப்பங்களின் இலக்கணம்

பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டில் நன்னூலை இயற்றியபோது எடுத்த எடுப்பில் எழுத்துக்கோ சொல்லுக்கோ போய்விடவில்லை. முதலில் பொதுப்பாயிரம் வைத்தார். நூல் எப்படி இருக்க வேண்டும், ஆசிரியர் யார், அவர் எப்படிக் கற்பிக்க வேண்டும், மாணவர் யார், அவர் எப்படிக் கற்க வேண்டும் என்ற ஐந்தையும் தீர்த்துக்கொண்ட பிறகே இலக்கணத்துக்குள் நுழைந்தார். பிள்ளையைக் கணினி அறிவியல் படிக்க வைக்க நினைக்கும் கெடா மாநிலத்துத் தமிழ்க் குடும்பத்துக்கு இதைவிடப் பொருத்தமான வரிசை கிடையாது. மெர்கோங் தொழிற்பேட்டையில் பட்டறை வேலை பார்க்கும் தகப்பனாக இருந்தாலும் சரி, பாடாங் செராய் பக்கம் தோட்டத்தில் இருக்கும் தாயாக இருந்தாலும் சரி, இந்த ஐந்து கேள்விகளையும் வரிசை தவறாமல் கேட்க வேண்டும்.

நடப்பில் கேட்கப்படுவது ஒரே கேள்விதான். "சார், தம்பிக்குக் கம்ப்யூட்டர்னா உயிரு. எங்க போட்டா கிடைக்கும்?" ஐந்தாம் படிவத்து எஸ்பிஎம் முடிவு வந்த பிறகோ, ஆறாம் படிவத்து எஸ்டிபிஎம் எழுதி முடித்த பிறகோ இது வரும். அப்போது "எந்தப் பாடம் எடுத்திருக்கான்மா?" என்று திருப்பிக் கேட்டால் தாயின் முகம் மாறிவிடும். அரசாங்கப் பல்கலைக்கழக நுழைவுக்கான யுபியு இணையத்தளத்தில் நிரப்பும் பாரம் அந்த விண்ணப்பத்தின் கடைசிப் பக்கம் மட்டுமே. முதல் பக்கம் நான்காம் படிவத்தில் பாடத் தொகுப்பைத் தேர்ந்தெடுக்கும் நாளிலேயே எழுதப்பட்டுவிடுகிறது. இந்தச் சிறு நூல் நிறுவ வருவது இந்த ஒன்றைத்தான்.

முதலில் நூல், அதாவது பாடத்திட்டம். கணினிப் படிப்பு என்று ஒரே படிப்பு இல்லை. அமெரிக்காவின் கணினியியலாளர் சங்கங்கள் 2005இல் வெளியிட்ட பாடத்திட்ட அறிக்கை அதை ஐந்தாகப் பிரித்தது: கணினிப் பொறியியல், கணினி அறிவியல், மென்பொருள் பொறியியல், தகவல் தொழில்நுட்பம், தகவல் முறைமை. 2020இல் வந்த அடுத்த அறிக்கை இணையப் பாதுகாப்பையும் தரவு அறிவியலையும் சேர்த்துக்கொண்டது. வீட்டில் பேசும்போது இவை அத்தனையும் "கம்ப்யூட்டர்" ஆகிவிடுகின்றன. படிக்கும் பிள்ளைக்கோ இவை வெவ்வேறு வாழ்க்கைகள்.

கெடாக்காரருக்கு இந்தப் பிரிவுகளைப் புரிந்துகொள்ள வேறு எங்கும் போக வேண்டியதில்லை, வடக்குத் தெற்காகக் கண்ணை ஓட்டினால் போதும். அலோர் ஸ்டாரிலிருந்து வடக்கே 48 கிலோமீட்டரில், சாங்லூனைத் தாண்டிக் கிழக்கே சிந்தோக்கில் இருப்பது உத்தாரா மலேசியப் பல்கலைக்கழகம். 1984இல் நிர்வாகவியலுக்காகத் தொடங்கப்பட்டது. அங்கே கணினிப் படிப்பு வளர்ந்தது நிறுவனம், வணிகம், தகவல் என்ற பக்கத்திலிருந்து. பக்கத்துப் பெர்லிஸில் இருக்கும் மலேசியா பெர்லிஸ் பல்கலைக்கழகம் 2001இல் பொறியியல் கல்லூரியாகப் பிறந்தது. அங்கே கணினி என்றால் சில்லும் மின்சுற்றும் முதலில் வரும். தெற்கே பினாங்கு மிண்டனில் இருக்கும் அறிவியல் பல்கலைக்கழகம் 1969இல் நாட்டின் இரண்டாவது பல்கலைக்கழகமாக எழுந்தது. கணினி அறிவியலுக்கென்றே அங்கே ஒரு தனிப் புலம் உண்டு. மூன்றும் நல்ல இடங்கள், மூன்றும் வீட்டுக்குக் கிட்டத்தில் உள்ளவை. ஆனால் ஒன்றுக்குப் பதில் மற்றொன்று என்று மாற்றிக்கொள்ளக்கூடியவை அல்ல.

ஆகவே பல்கலைக்கழகத்தின் பெயரைப் பார்ப்பதற்கு முன் பாடப் பட்டியலைப் பாருங்கள். எல்லாப் பல்கலைக்கழகமும் அதைத் தன் இணையத்தளத்தில் போட்டிருக்கும். கணினி அறிவியல் என்று பெயர் வைத்த படிப்பில் தனிநிலைக் கணிதம், தரவுக் கட்டமைப்பு, நெறிமுறை ஆய்வு, இயங்குதளம், கணினிக் கட்டமைப்பு, வலையமைப்பு, தரவுத்தளம் ஆகியவை இருந்தே தீர வேண்டும். கணிமைக் கோட்பாடும் தொகுப்பி வடிவமைப்பும் இருந்தால் இன்னும் நல்லது. இவை இல்லாமல் வலைப்பக்க வடிவமைப்பும் அலுவலக மென்பொருளும் மட்டும் நிரம்பியிருந்தால், அந்தப் படிப்பு தரும் பட்டத்தின் பெயர் என்னவாக இருந்தாலும் அது கணினி அறிவியல் இல்லை. பிள்ளையோடு உட்கார்ந்து பருவம் பருவமாக இந்தப் பட்டியலைப் படிக்க ஒரு மாலைப் பொழுது போதும். அந்த மாலையைச் செலவழிக்காமல் நான்கு ஆண்டைச் செலவழிக்கிற குடும்பங்கள் இங்கே ஏராளம்.

இந்தப் பட்டியலைப் படித்தால் ஒரு விஷயம் தானாகத் தெரியும்: அடித்தளம் கணிதம். அங்கேதான் நான்காம் படிவம் திரும்பி வருகிறது. எட்மேத்ஸ் என்று பிள்ளைகள் சொல்லும் கூடுதல் கணிதத்தில் எஸ்பிஎம்மில் கிரெடிட் வாங்கியவருக்குக் கணினி அறிவியல் கதவு நேராகத் திறக்கும். வாங்காதவரைச் சேர்த்துக்கொள்ளும் இடங்களிலும் முதல் பருவத்திலேயே தனிக் கணிதப் பாடம் ஒன்றைக் கூடுதலாகப் படிக்கச் சொல்வதுண்டு. 2020 முதல் நான்காம் படிவத்தில் அறிவியல் பிரிவு, கலைப் பிரிவு என்ற பழைய பாகுபாடு எடுக்கப்பட்டுவிட்டது. பாடத் தொகுப்பைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு மாணவருக்கும் பெற்றோருக்கும் வந்திருக்கிறது. இது சுதந்திரம்தான். ஆனால் பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளை, கூட்டாளிகள் எடுக்கிறார்கள் என்பதற்காக எட்மேத்ஸை விட்டுவிடும் சுதந்திரமும் அதற்குள் அடங்கியிருக்கிறது. "கஷ்டம்னு சொன்னாங்க, அதான் எடுக்கலை" என்று ஒரு பிள்ளை சொல்லும்போது அவன் விட்டுவிட்டது ஒரு பாடத்தை மட்டுமல்ல. இதை அவனுக்கு அன்றைக்கே சொல்ல வீட்டிலோ பள்ளியிலோ யாராவது இருந்திருக்க வேண்டும்.

ஆசிரியரைப் பற்றி நன்னூலார் நிறையச் சொல்கிறார். நமக்கு இங்கே கொஞ்சம் போதும். விரிவுரையாளர்கள் எதில் ஆய்வு செய்கிறார்கள் என்று புலத்தின் பக்கத்தில் பாருங்கள்.

கற்பிக்கும் முறைக்கு அரசாங்கமே ஒரு அளவுகோல் வைத்திருக்கிறது. மலேசியத் தகுதி நிர்ணய நிறுவனமான எம்கியூஏ 2007இல் தொடங்கப்பட்டது. அங்கீகாரம் பெற்ற ஒவ்வொரு படிப்பும் அதன் பதிவேட்டில் இருக்கும். தனியார் கல்லூரியோ பல்கலைக்கழகமோ காட்டும் வண்ணத் தாளை நம்புவதற்கு முன், அந்தப் படிப்பு முழு அங்கீகாரம் பெற்று அந்தப் பதிவேட்டில் இருக்கிறதா, தற்காலிக அங்கீகாரத்தில்தான் நிற்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். பீடோங் பக்கம் செமிலிங்கில் இருக்கும் ஏம்ஸ்ட் பல்கலைக்கழகம் 2001இல் நம் சமூகத்தின் முயற்சியில் எழுந்தது என்பதில் எல்லாருக்கும் பெருமை உண்டு. அங்கே போனாலும் பதிவேட்டைப் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும். நம்முடையது என்பதற்காகச் சோதிக்காமல் விடுவது அந்த நிறுவனத்துக்கும் நல்லதில்லை. தொழில் பயிற்சிக்கு மாணவர்களை எங்கே அனுப்புகிறார்கள் என்றும் கேளுங்கள். 1996இல் திறக்கப்பட்ட கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்காவும், 1972 முதல் இயங்கும் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையும் நம் வாசலுக்குப் பக்கத்தில் இருக்கின்றன. தென் கெடாவில் தாத்தா பால்மரம் சீவிய நிலத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் போய்விடும் தூரம்தான். அந்த ஆலைகளுக்குப் பேரப்பிள்ளை பொறியாளராகவோ நிரலாளராகவோ போக வேண்டும் என்று நினைப்பது பேராசை இல்லை.

இனி மாணவர். இங்கேதான் அதிகம் நிற்க வேண்டும்.

2002 முதல் அரசாங்கப் பல்கலைக்கழக நுழைவு தகுதி மதிப்பெண் முறையில் நடக்கிறது. நூற்றுக்குத் தொண்ணூறு தேர்வுக்கு, பத்து புறப்பாட நடவடிக்கைக்கு. எஸ்டிபிஎம் எழுதியவரின் சராசரிப் புள்ளி 4.00 என்றால் தொண்ணூறும் கிடைக்கும். 3.50 என்றால் 78.75. அதோடு புறப்பாட மதிப்பெண்ணைக் கூட்டுகிறார்கள். இதைக் கையால் போட்டுப் பார்த்தால் யாரும் எதிர்பார்க்காத ஒன்று தெரியும். ஒரு மாணவி நான்கு பாடங்களில் ஒன்றில் ஏ மைனஸிலிருந்து ஏ ஆகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அதற்காக அவள் மாதக்கணக்கில் இரவில் விழித்திருந்து படித்திருப்பாள். அவள் தகுதி மதிப்பெண்ணில் ஏறுவது இரண்டுக்குக் கொஞ்சம் குறைவு. அவளுடைய புறப்பாட மதிப்பெண் ஆறிலிருந்து ஒன்பதானால் ஏறுவது முழுசாக மூன்று.

புறப்பாட மதிப்பெண்ணைத் தருவது சீருடை இயக்கம், கழகம், விளையாட்டு ஆகிய மூன்றும். எந்தப் பொறுப்பில் இருந்தாள், பள்ளி அளவிலா, மாவட்ட அளவிலா, மாநில அளவிலா என்று பார்த்துக் கொடுக்கிறார்கள். இவை எல்லாம் பள்ளி விட்ட பிறகு, பிற்பகலில் நடப்பவை. பட்டணத்துப் பிள்ளைக்கு அது ஒரு மணி நேரம் கூடுதலாகப் பள்ளியில் இருப்பது. தோட்டத்திலிருந்து வரும் பிள்ளைக்குப் பள்ளி பஸ் ஒரு நேரத்துக்குத்தான் வரும். அதை விட்டால் யாராவது வந்து ஏற்றிப் போக வேண்டும். வேலை முடிந்து களைத்து வரும் அப்பா, வாரத்தில் இரண்டு நாள் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பள்ளிவரை போய்த் திரும்ப வேண்டும். அந்த எண்ணெய்ச் செலவும் அலைச்சலும் எந்தச் சான்றிதழிலும் ஏறாது, ஆனால் பத்தில் எத்தனை என்பதைத் தீர்மானிப்பது அதுதான். "விளையாட்டு எதுக்கு, வீட்டுக்கு வந்து படி" என்று நாம் பிள்ளைகளிடம் சொல்வது பாசத்தில் சொல்வது. கணக்கு அதற்கு எதிராக இருக்கிறது. ஆலயமும் இளைஞர் இயக்கமும் வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு என்ன செய்யலாம் என்று கேட்கிறவர்களுக்கு என் பதில் இதுதான்: பிற்பகல் மூன்றரை மணிக்கு இடைநிலைப்பள்ளி வாசலில் ஒரு வேன் நிறுத்துங்கள்.

எந்த வழியில் போவது என்பதும் மாணவரைப் பொறுத்தது. ஆறாம் படிவம் ஒன்றரை ஆண்டு, மூன்று பருவம். உயர்கணிதத்தின் மூன்று பருவங்களும் இயற்கணிதம், நுண்கணிதம், புள்ளியியல் என்று போகின்றன. கணினி அறிவியலுக்கு இதைவிட நல்ல அடித்தளம் இல்லை. செலவும் குறைவு. கஷ்டம் என்ற பயத்தில் நம் பிள்ளைகள் இதிலிருந்து விலகி ஓடுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. மெட்ரிகுலேஷன் ஒரு ஆண்டில் முடியும். சாங்லூனில் கெடா மெட்ரிகுலேஷன் கல்லூரி இருக்கிறது. 2024இல் பத்து ஏ எடுத்த எல்லா இனப் பிள்ளைகளுக்கும் இடம் உறுதி என்று அரசாங்கம் அறிவித்தது. பாலிடெக்னிக் டிப்ளோமா முடித்துப் பட்டப்படிப்புக்குப் போகிறவர்களும் தாழ்ந்தவர்கள் இல்லை. ஜித்ரா பக்கம் இருக்கும் பாலிடெக்னிக்கைத் தாண்டிக்கொண்டே சிந்தோக்குக்குப் போகிறவர்கள் அங்கேயும் ஒரு முறை நின்று விசாரிக்கலாம்.

இதையெல்லாம் முடித்த பிறகு வருகின்றன யுபியு பாரத்தில் வரிசைப்படுத்த வேண்டிய அந்தப் பன்னிரண்டு விருப்பங்கள். முன்பு பேங்க் சிம்பானான் நேஷனலில் பணம் கட்டி எண் வாங்கிக்கொண்டு வந்து நிரப்பினோம். இப்போது கைப்பேசியிலேயே முடிகிறது. சுலபமானதால் கவனமும் குறைந்திருக்கிறது. வரிசைதான் இங்கே உயிர். ஆசைக்காக மருத்துவத்தை முதலில் போட்டு, அத்தைக்காகப் பல் மருத்துவத்தை அடுத்துப் போட்டு, கணினி அறிவியலை ஒன்பதாவது இடத்தில் தள்ளிவிட்டுப் பிறகு கிடைக்கவில்லை என்று அழுவதில் பொருளில்லை. ஒவ்வொரு படிப்புக்கும் சராசரித் தகுதி மதிப்பெண் என்ன என்று யுபியுவின் இணைய வழிகாட்டியான இ-பாண்டுவான் காட்டுகிறது. பிள்ளையின் மதிப்பெண்ணுக்குச் சற்று மேலே இருப்பவை மூன்று நான்கு, சமமாக இருப்பவை நான்கைந்து, கீழே இருப்பவை மீதி என்று அடுக்குங்கள். நேர்முகத் தேர்வு வேண்டும் என்று குறியிட்ட படிப்புகளைத் தனியே எழுதி வையுங்கள், அழைப்பு வரும்போது தேதி தவறிவிடக் கூடாது. மியூட் ஆங்கிலத் தேர்வில் தேவையான நிலை உண்டா என்று ஒவ்வொன்றுக்கும் பாருங்கள். இடம் கிடைக்காவிட்டால் மேல்முறையீடு உண்டு. அதற்குக் காலம் குறுகியது, முடிவு வந்த அன்றே உட்கார்ந்துவிட வேண்டும்.

பணத்துக்கு 1997இல் தொடங்கிய பிடிபிடிஎன் கடன் இருக்கிறது. முதல் வகுப்பில் தேறினால், நிபந்தனைகளுக்கு உட்பட்டு, திருப்பிக் கட்டுவதிலிருந்து விலக்குக் கேட்கலாம். சேர்ந்த முதல் வாரத்திலேயே பிள்ளைக்கு இதைச் சொல்லிவிடுங்கள்.

கடைசியாகக் கற்கும் முறை. கைப்பேசியில் விளையாடுவதை விரும்பும் பிள்ளை வேறு, கணினியைக் கட்டளையால் இயக்குவதை விரும்பும் பிள்ளை வேறு. இரண்டையும் வெளியிலிருந்து பார்த்துப் பிரிக்க முடியாது, பிள்ளைக்கே கூடத் தெரியாது. அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இலவசமாகக் கிடைக்கிறது. அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் டேவிட் மாலன் நடத்தும் சிஎஸ்50 என்ற அறிமுகப் பாடம் முழுவதும் இணையத்தில் திறந்து கிடக்கிறது. பீடோங்கில் ஹார்வர்ட் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்து வந்த பிள்ளையும் ஒரு பழைய மடிக்கணினியை வைத்துக்கொண்டு அதைப் படிக்கலாம். தொடக்கத்தில் ஸ்கிராட்ச், கட்டளைக் கட்டங்களை அடுக்கி நிரல் செய்வது, யாருக்கும் பிடிக்கும். அடுத்த வாரமே சி மொழி வந்துவிடும். பிறகு நெறிமுறை, அதற்கடுத்து நினைவகம். நினைவக வாரத்தில் நிரல் ஓடாமல் நின்றுவிடும், காரணம் லேசில் பிடிபடாது, இரவு பதினொன்றாகிவிடும். மறுநாளும் அதே பிழையிடம் தானாகத் திரும்பிப் போகிற பிள்ளைக்கு முதல் விருப்பமாகக் கணினி அறிவியலைப் போடுங்கள். திரும்பிப் போகாத பிள்ளையைத் திட்ட வேண்டாம். தகவல் முறைமை, கணக்கியல், தாதிமை, கல்வியியல் என்று அதற்கேற்ற விருப்பங்களை அதே பாரத்தில் எழுதலாம். இந்தச் சோதனையை நான்காம் படிவத்துக்கு முந்திய நீண்ட விடுமுறையில் செய்யுங்கள். அப்போது எட்மேத்ஸ் இன்னும் கையை விட்டுப் போயிருக்காது.